மறுபடி மேலேறு

13.11.2025, வியாழன்

புதுக்கோட்டை ரோட்டில் பிளேன் இறங்கிவிட்டது என்றார்கள். டிவியில் காட்டும்வரை லோயர் கேம்ப் டீக்கடையில் ஒருவரும் நம்பவில்லை. சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம், செஸ்னா 172. வழியில் கோளாறாகி, நார்த்தாமலை அருகே திருச்சி நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கில் அடிபட்டு நின்ற விமானத்தைச் சுற்றி ஒரே செல்போன் கூட்டம்.

“லாரி போற ரோட்டுல இறக்கிருக்கான்னா பய கெட்டிக்காரன்தான்” என்றார் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற அண்ணன். உண்மைதான். இன்ஜின் நின்றதும் விமானம் கல் மாதிரி விழுந்துவிடாது. ஆயிரம் அடி உயரத்தில் இருந்தால், இந்த ரகம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் சறுக்கிப் போகும். இடம் பார்த்து இறக்க அதற்குள்தான் அவகாசம்.

14.11.2025, வெள்ளி

இன்று தாம்பரம். மதியம் 2.25 மணி வாக்கில் விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம் விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து பாராசூட்டில் தப்பித்தார். விசாரணைக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள். செஸ்னாவில் அப்படியொரு இருக்கை கிடையாது. ஏறியவர் விமானத்தோடுதான் இறங்க வேண்டும்.

அக்கா மகன் வெளிமாநிலத்தில் விமானம் ஓட்டப் படிக்கிறான். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பாதிக்கிணறு தாண்டியிருக்கிறான். ராத்திரி போன் போட்டேன்.

“இந்த மாதிரி ரோட்டுல இறக்குறதெல்லாம் எப்பவாவது நடக்குறது மாமா. நல்ல வெயில், நல்ல ரன்வே, இன்ஜினும் ஒழுங்கா ஓடும். அப்பவும் இறக்குறப்பதான் எங்களுக்கு வயித்தைக் கலக்கும்.”

16.11.2025, ஞாயிறு

அவன் விளக்கியதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஓடுதளத்தை நோக்கி மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும். தரைக்குச் சில அடி மேலே மூக்கை மெல்லத் தூக்கினால், வேகம் தேய்ந்து பின்சக்கரங்கள் இரண்டும் முதலில் தொடும். புதிதாகப் பழகுகிறவன் பயத்தில் கூடுதல் வேகத்தோடு வருவான். விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். ஓடுதளம் தீருகிறதே என்று பதறி மூக்கை அமுக்குவான். முன்சக்கரம் முதலில் மோதும், விமானம் எகிறும். மறுபடி அமுக்குவான், இன்னும் எகிறும். கம்மாயில் எறிந்த ஓட்டாஞ்சல்லிக்குத் தத்தல் சிறுத்துக்கொண்டே போகும். இங்கே பெருத்துக்கொண்டே போகும். கடைசித் தத்தலில் முன்சக்கரக் கால் மடங்கி, சுழலும் விசிறி தரையில் அடிக்கும்.

முன்சக்கரக் கால் பொருந்தியிருப்பது இன்ஜினுக்குப் பின்னாலிருக்கும் தடுப்புத் தகட்டில். அதனால் மூக்கு மோதி இறங்கிய செஸ்னாவைப் பார்க்க வரும் மெக்கானிக், டார்ச் அடித்து அந்தத் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று தேடுவாராம்.

“சரி, எகிறிட்டா என்னதான் செய்யணும்?”

“ஃபுல் பவர் குடுத்து மேல ஏறிடணும் மாமா. ஒரு சுத்து சுத்திட்டு வந்து மறுபடி இறக்கலாம். இதுக்குப் பேரு கோ அரௌண்ட். எப்படியாவது இறக்கிடணும்னு பிடிவாதம் பிடிச்சாத்தான் ஒடையும்.”

17.11.2025, திங்கள், கார்த்திகை 1

மாலை போட்ட சாமிகளின் வண்டிகள் விடிவதற்கு முன்பே வரத் தொடங்கிவிட்டன. குமுளி தாண்டி வண்டிப்பெரியாறு, அங்கிருந்து சத்திரம், பிறகு புல்மேட்டுக் காட்டுப்பாதை. அந்தச் சத்திரத்தில்தான் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் பழகுவதற்கென்று 650 மீட்டரில் ஓர் ஓடுதளம் போட்டிருக்கிறார்கள்.

2022இல் அங்கே முதல் விமானத்தை இறக்கிப் பார்க்க முயன்றார்கள். ஒரு முனையில் மேடு இடைஞ்சலாக இருந்ததால், வந்த விமானம் இறங்காமலே திரும்பியது. அடுத்து வந்தபோதும் அதே கதை. ஜூலை மழையில் ஓடுதளத்தின் ஒரு பக்கம் சரிந்தது. கடைசியில் டிசம்பர் 1ஆம் தேதி, இருவர் அமரும் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 இறங்கியது. முதல் இரண்டு தடவையும் ‘முயற்சி தோல்வி’ என்றுதான் பேச்சு. எனக்கென்னவோ, இறங்காமல் திரும்பியதுதான் அந்த ஓடுதளத்தில் நடந்த முதல் பாடம் என்று படுகிறது. தேர்ந்த விமானியே ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று திரும்பினார் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் திரும்பி மேலேற எதிரே வெட்டவெளி வேண்டும். தேர்ந்தவருக்கு 650 மீட்டர் போதும். பழகுகிறவன் மிதப்பான், எகிறுவான், தாமதமாகத்தான் பவர் கொடுப்பான். இறங்கத் தெரிந்தவரை மனதில் வைத்துக் கட்டினால் அது விமான நிலையம். பயிற்சித் தளத்தை, இறங்கத் தெரியாதவனை மனதில் வைத்துத்தான் கட்ட வேண்டும்.