பெயர் சொல்லி எடுப்போம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

அடியில் சோறு, நடுவில் குழம்பு, மேலே பொரியல். என் தந்தை மில்லுக்குக் கொண்டு போகும் டிபன் கேரியரின் வரிசை, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் மாறியதில்லை. "கண்ணை மூடிக்கொண்டே பிரிப்பேன்" என்று பெருமையாகச் சொல்வார். முதலாண்டில் அணி என்னும் பாடத்தைப் பேராசிரியர் நடத்தியபோது என் கண்முன் வந்தது அந்தக் கேரியர்தான்.

பல மதிப்புகளை ஒரே பெயரின்கீழ் வரிசையாக அடுக்கி வைப்பதே அணி. அடுக்கியதைத் தனித்தனி மாறிகளில் பிரித்து வைக்க, இணையப் பக்கங்களுக்கான பி.எச்.பி. மொழியில் 'லிஸ்ட்' என்றொரு வசதி உண்டு. இடப்பக்கம் மூன்று மாறிகள், வலப்பக்கம் ஓர் அணி. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். 2016-இல் வந்த 7.1 பதிப்பு முதல் 'லிஸ்ட்' என்ற சொல்கூட வேண்டாம். சதுர அடைப்புக்குறியே போதும். வேண்டாத மதிப்பின் இடத்தைக் காலியாக விட்டுக் காற்புள்ளி மட்டும் இடலாம். மூன்றாவது மாறியின் துணையின்றி இரு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றலாம். இதையெல்லாம் கற்ற அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கற்றதை வீட்டுக்குப் பயன்படுத்த ஆசைப்பட்டேன். என் அம்மா எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்த்து வருகிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இரவெல்லாம் விரல்விட்டுக் கூட்டுவார். உறுப்பினரின் பெயர், சேமிப்பு, கடன் பாக்கி என்று மூன்று பத்திகள் கொண்ட கோப்பைப் படித்து, ஒவ்வொரு வரியையும் மூன்று மாறிகளில் பிரித்து, பட்டியல் தரும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். "இனி தப்பே வராதும்மா" என்றேன்.

நான்கு மாதம் வரவில்லை. ஐந்தாம் மாதம், கோப்பில் எண்களை ஏற்றித் தரும் பக்கத்து வீட்டுத் தங்கை, பாக்கிப் பத்தியை இரண்டாவதாகவும் சேமிப்பை மூன்றாவதாகவும் மாற்றி வைத்துவிட்டாள். அவள்மேல் குற்றமில்லை, வரிசை மாறக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. கூட்டத்தில் அம்மா பட்டியலை வாசித்தார். ஒரு தவணைகூடத் தவறாத பெரியம்மா ஒருவர் பெயரில் 4,800 ரூபாய் பாக்கி என்று வந்தது. அது அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்! அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

"மிஷின் தப்பு பண்ணாதுன்னு நீதானேடா சொன்னே?" என்று அம்மா கேட்டபோது நான் தலைகுனிந்து நின்றேன்.

அன்றிரவு நிரலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அணியில் ஒரு மதிப்பு குறைந்திருந்தால் பி.எச்.பி. எச்சரித்திருக்கும். வரிசை மாறினால் அதற்கு ஒன்றும் தெரியாது, இரண்டும் எண்கள்தாமே! கேரியரில் அடுக்கு மாறினால் அப்பா வாசனையிலேயே கண்டுகொள்வார். கணினிக்கு ஏது மூக்கு?

மாற்று வழி அதே 7.1 பதிப்பிலேயே இருந்தது. அணியின் உறுப்புகளுக்குத் திறவுச்சொல் இட்டு, அந்தப் பெயராலேயே பிரித்தெடுக்கலாம். கோப்பின் முதல் வரியில் உள்ள தலைப்புகளைத் திறவுச்சொற்களாக்கி, ஒவ்வொரு வரியோடும் இணைத்தேன். 'சேமிப்பு' என்ற பெயரில் உள்ளதைச் சேமிப்பு மாறியிலும், 'பாக்கி' என்ற பெயரில் உள்ளதைப் பாக்கி மாறியிலும் வைக்கச் சொன்னேன். இனிப் பத்திகள் எந்த வரிசையில் நின்றாலும் கவலையில்லை. தலைப்பையே யாரேனும் மாற்றிவிட்டால், பட்டியல் போடாமல் நிரல் நின்றுவிடும்படியும் செய்தேன்.

மறுநாள் காலை அம்மாவும் நானும் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். "பிழை என்னுடையது பெரியம்மா" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அதை அங்கேயே வந்து சொல்லு தம்பி. அங்கேதானே படிச்சீங்க" என்றார். நியாயம்தான். அடுத்த கூட்டத்தில் அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னேன். திருத்திய பட்டியலை அம்மா வாசித்தார். பெரியம்மா தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று வீடும் தெருவும் நம்புகின்றன. அந்த நம்பிக்கை எவ்வளவு கனமானது என்பதை எனக்கு உணர்த்தியது பாடப் புத்தகமன்று. ஒரே ஒரு வரி நிரல். நாம் மாறிகளில் பிரித்து வைப்பவை வெறும் எண்களல்ல. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு மனிதரின் மானம் இருக்கிறது. இடத்தை நம்பி எடுக்காமல், பெயர் சொல்லி எடுப்போம்.