முந்நூறு ரூபாய் பாக்கி

கத்திரி தொடங்கி நாலு நாள் ஆச்சு. பகல்ல குடிச்ச வெயிலை மண்ணு ராத்திரி முழுக்க திருப்பிக் கக்கிட்டு இருக்கு. போன வெள்ளிக்கிழமை எள்ளுக்குத் தண்ணி கட்டலாம்னு தோட்டத்துக்குப் போயிருந்தேன். ராத்திரி பத்துக்கு வர வேண்டிய மும்முனை கரண்ட் பதினொண்ணு ஆகியும் வரல. கயித்துக் கட்டில்ல படுத்தா முதுகு வேகுது. வேப்பமரத்துல ஒரு இலை அசையல.

பக்கத்து ஊர்ல காளியம்மன் கோயில் திருவிழா. தவில் சத்தம் விட்டு விட்டு வந்துச்சு. இங்க கிடந்து புரள்றதுக்கு அங்க போய் உட்காரலாம்னு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, டார்ச் லைட்டோட வரப்பு வழியா நடந்தேன். வெக்கைக்கு பாம்பு பச்சை வெளியில வர்ற நேரம். தரையைப் பார்த்துத்தான் நடக்கணும்.

கோயில் திடல்ல நல்ல கூட்டம். பருத்திப்பால் வண்டிக்கிட்ட ஒருத்தர் கையைப் பிடிச்சாரு. மூணு வருசம் முன்னாடி என்கிட்ட கிடேரிக் கன்னு வாங்கினவர். "உங்க கன்னு ரெண்டாவது ஈத்து போட்டிருச்சுண்ணே"ன்னாரு. மக நல்லா இருக்கான்னு கேட்ட மாதிரி சந்தோசமா இருந்துச்சு. பருத்திப்பாலுக்கு அவரே காசு குடுத்தாரு.

திடல் நடுவுல நையாண்டி மேளம். ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், பம்பை, தமுக்கு. கரகாட்டக்காரப் பொண்ணுக ரெண்டு பேர் தலையில கரகத்தோட சுத்தி வந்தாங்க. டவுன்ல கல்யாண மண்டபத்துல ஓரமா உட்கார வச்சிருக்கிற மேளத்தை மட்டும் பார்த்தவங்களுக்கு இது புரியாது. இங்க தவில்காரர் ஆடுவார், ஆட்டக்காரியோட போட்டி போடுவார், வேகத்தை ஏத்தி ஏத்தி ஒரு இடத்துல டக்குனு நிறுத்துவார். நிறுத்தின அந்தச் சத்தமில்லாத நேரத்துலதான் கூட்டம் விசிலடிக்கும். பலா மரத்துல குடைஞ்ச தவிலு. அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா நின்னு அடிக்கிறது லேசான வேலை இல்ல. சட்டை நனைஞ்சு உடம்போட ஒட்டிக்கிடுச்சு அவருக்கு.

ஒன்றரை மணிக்கு நிறுத்தி, டீ குடிக்க வந்தாங்க. அந்தத் தவில் தம்பி என் பக்கத்துல பெஞ்சுல உட்கார்ந்து, வலது கை விரல்ல மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொண்ணா கழட்டி வச்சாரு. துணியும் பசையும் சுத்திக் காயவச்ச கூடு. உள்ள விரல் ஊறி வெளுத்துக் கிடந்துச்சு. சிரிச்சப்ப அந்த முகம் எங்கேயோ பார்த்த முகமா பட்டுச்சு.

"எந்த ஊரு தம்பி?"

சொன்னாரு. அவங்க அப்பா பேரையும் சொன்னாரு. எனக்கு டீ தொண்டையில நின்னுடுச்சு.

1996-ல என் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வாசிச்சவர் அவங்க அப்பா. பேசினது 1,500 ரூபாய். 1,200 குடுத்துட்டு, மிச்சம் 300-ஐ கடலை எடுத்ததும் தர்றேன்னு சொன்னோம். அந்த வருசம் கடலை பிடிக்கல. அவர் ரெண்டு தடவை வந்தாரு. அப்புறம் வரல. நானும் தேடிப் போகல.

சொல்லிட்டேன். சொல்லாம எந்திரிச்சு வர மனசு வரல.

அந்தத் தம்பி டீயை ஊதி ஊதிக் குடிச்சாரு. "தெரியும்ணே. ரெண்டு தடவையும் சைக்கிள்ல பின்னாடி உட்கார்ந்து வந்தவன் நான்தான். உங்க அம்மா எனக்கு மோர் குடுத்தாங்க. ரெண்டாவது தடவை நீங்க இல்லைன்னு சொன்னாங்க. உங்க செருப்பு வாசல்ல கிடந்துச்சு."

ஆமா. நான் உள்ளதான் இருந்தேன். குதிருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தேன். இத்தனை வருசத்துல இதை வீட்டுக்காரிக்கிட்ட கூட சொன்னதில்ல.

"அப்பா?"

"போயி ஆறு வருசம் ஆச்சு."

உழவுக்குன்னு பையில 2,000 ரூபாய் வச்சிருந்தேன். அப்படியே எடுத்து நீட்டினேன். அவர் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை மட்டும் எடுத்துக்கிட்டு, டீக்கடைக்காரர்கிட்ட சில்லறை மாத்தி, 200-ஐ என் கையில வச்சாரு.

"வட்டியா நினைச்சு வச்சுக்க தம்பி"ன்னேன்.

"வேணாம்ணே. அப்பா வாசிச்ச கூலி 300. அதுக்கு மேல வாங்கினா இனாம் ஆயிரும்."

கோவமா சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாரு. கூடுகளை மறுபடி விரல்ல மாட்டிக்கிட்டு எந்திரிச்சாரு. "இருந்து பார்த்துட்டுப் போங்கண்ணே, இனிமேதான் ஆட்டம் சூடு பிடிக்கும்"னாரு.

இருந்து பார்த்தேன்.

கடலை வித்த காசுக்காக ஒரு வியாபாரி வீட்டுக்கு நானும் நடையா நடந்திருக்கேன். வாசல்ல அவர் வண்டி நிற்கும், ஆள் இல்லைம்பாங்க. ஊரெல்லாம் சொல்லித் திட்டினேன். என் வாசல்ல கிடந்த செருப்பு அப்பல்லாம் என் ஞாபகத்துக்கே வரல.

பாக்கி தீர்ந்துச்சான்னு கேட்டா, 300 தீர்ந்துச்சு. அதைக் குடுக்க வேண்டியவர்கிட்ட குடுக்கலைங்கிறது தீரல.

நாலு மணிக்குத் தோட்டத்துக்குத் திரும்பினப்ப மோட்டார் ரூம்ல லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கரண்ட் எப்ப வந்துச்சோ. சுவிட்சைப் போட்டுட்டு மம்பட்டியை எடுத்தேன். விடியுறதுக்குள்ள பாதி எள்ளுக்குத்தான் பாய்ஞ்சுச்சு.