ஜூனில் ஒன்பது நாள்

புள்ளியியலுக்கான ‘ஆர்’ கணினி மொழி கற்க வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் ஆய்வேட்டுக்கான எக்செல் கோப்போடுதான் வருகிறார்கள். அதைக் கொஞ்ச நாள் ஓரமாக வைக்கச் சொல்வேன். ஆரை நிறுவும்போது கூடவே சில தரவுத் தொகுப்புகளும் வந்துவிடும். அவற்றில் ‘ஏர்குவாலிட்டி’ போதும். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் எடுத்த பதிவு அது. நாளுக்கு ஒரு வரிசையாக 153 வரிசைகள். ஓசோன், சூரியக் கதிர்வீச்சு, காற்றின் வேகம், வெப்பநிலை, மாதம், தேதி என ஆறே நெடுவரிசைகள். திரையை நாலு தடவை உருட்டினால் மொத்தத்தையும் பார்த்துவிடலாம். முதலில் பழகும் தரவு அப்படிக் கண்ணுக்குள் அடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஓசோனின் சராசரியைக் கேட்டு ‘மீன்’ கட்டளையைக் கொடுங்கள். எண் வராது, ‘என்ஏ’ என்று மட்டும் வரும். புதியவர்கள் எழுத்துப் பிழையோ என்று திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். கட்டளை சரிதான். 37 நாட்களுக்கு ஓசோன் அளவு பதிவாகவில்லை; அந்த இடங்களில் ‘என்ஏ’ என்றுதான் இருக்கிறது. தெரியாத எண்களைச் சேர்த்துக் கூட்டினால் தொகையும் தெரியாததுதானே? எக்செல் காலிக் கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப்போய் ஒரு சராசரியைக் கொடுத்துவிடும். ஆர் அங்கேயே நின்றுவிடுகிறது. முடிவை நம்மிடம் விடுகிறது. இந்த மொழிமீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டானது இந்த இடத்தில்தான்.

என்ஏ-வும் என்ஏ-வும் சமமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் என்ஏ-தான் பதில். வயது தெரியாத இருவரைச் சம வயதினர் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் விடுபட்டவற்றைக் கண்டுபிடிக்க ‘இஸ்.என்ஏ’ என்று தனிக் கட்டளை வைத்திருக்கிறார்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும், பெல் ஆய்வகத்தில் பிறந்த ‘எஸ்’ மொழியை ஒட்டி 1990களில் உருவாக்கியது ஆர். மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கவும் உதவ வேண்டும் என்ற எண்ணம் அதன் தொடக்கத்திலேயே இருந்தது. 1995 முதல் யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

‘மீன்’ கட்டளைக்குள் ‘என்ஏ.ஆர்எம்’ என்பதை ‘ட்ரூ’ என்று வைத்தால் விடுபட்ட நாட்களை விலக்கிவிட்டு, நூறு கோடியில் 42.1 பங்கு என்ற சராசரி கிடைக்கும். காலியிடங்களில் சுழியம் நிரப்பியிருந்தால் அதுவே 31.9 ஆகியிருக்கும். ஆனால் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தச் சொல் விரலுக்குப் பழகி, எல்லாக் கட்டளையிலும் தானாக ஒட்டிக்கொள்கிறது. அந்த 37 நாட்களும் எந்த மாதத்தில் விடுபட்டன என்று எண்ணிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். மேயில் 5, ஜூனில் 21, ஜூலையில் 5, ஆகஸ்டில் 5, செப்டம்பரில் 1. ஜூனில் மிஞ்சியது ஒன்பதே நாள்!

ஜூன் சராசரி 29.4, ஜூலை 59.1 என்று ஆர் தரும். திரையில் இரண்டும் சம தகுதியோடு அடுத்தடுத்து நிற்கும். ஒன்றின் பின்னால் 9 நாள், மற்றதன் பின்னால் 26 நாள். ஓசோன் ஒரே மாதத்தில் இரட்டிப்பானது என்று அறிக்கை எழுதப் போகிறவர் இதைப் பார்த்த பிறகு எழுதட்டும். இதைக் கற்க உயர்கணிதம் வேண்டாம். சராசரியைக் கேட்கும்போதெல்லாம் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் போதும்.

நம் ஊர்க் கோப்புகளில் சிக்கல் வேறு விதம். விவரம் இல்லாத இடத்தில் ஒருவர் கோடு போட்டிருப்பார், இன்னொருவர் 999 என்று எழுதியிருப்பார். கோடு ஒன்று இருந்தாலே ஆர் அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். 999-ஐ உண்மையான அளவாகவே நம்பிவிடும். எவையெல்லாம் விடுபட்டவை என்று கோப்பை ஏற்றும்போதே அதற்குச் சொல்லிவிட வேண்டும்.

கட்டளைகளைத் தட்டிவிட்டு மறந்துவிடாமல் ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதிச் சேமியுங்கள். என்ஏ-வை விலக்கும் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஹாஷ் குறி இட்டு, எத்தனை விலக்கினோம், எந்த மாதத்திலிருந்து, ஏன் என்று குறித்துவையுங்கள். தமிழிலேயே எழுதலாம். ஆர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. ஆறு மாதம் கழித்து அதே கோப்பைத் திறப்பவருக்குத்தான் அது தேவைப்படும்.