அப்ரைசலை வாசித்தல்

என் தங்கை பதினான்கு வருடங்களாக மென்பொருள் பொறியாளர். நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன், கவிதை எழுதுகிறேன். அவள் எழுதும் புரோகிராமில் ஒரு வரிகூட எனக்குப் புரியாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை அவளைப் பற்றி அவளுடைய மேனேஜர் எழுதும் ஐந்தாறு வரிகள் எனக்கு நன்றாகவே புரிகின்றன. சில வருடங்களாக மார்ச், ஏப்ரல் வந்தால் அந்த வரிகளை எனக்கு அனுப்பிவிடுவாள். “அக்கா, படிச்சுட்டுச் சொல்லு. நான்தான் தேவையில்லாம மனசுல போட்டுக்கறேனா?” என்பாள். ஒரு பிரதியை வாசித்து அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது என் தொழில். அப்படித்தான் இதையும் வாசிக்கத் தொடங்கினேன்.

இன்னும் வேலைக்குப் போகாத மாணவிகளுக்காக அந்த நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருடத் தொடக்கத்தில் பொறியாளருக்குச் சில இலக்குகள் எழுதப்படும். வருடக் கடைசியில் அவர் தன்னைப் பற்றித் தானே ஒரு மதிப்பீடு எழுத வேண்டும். மேனேஜர் அதன்மேல் கருத்தெழுதி ஒரு ரேட்டிங் போடுவார். பிறகு மேனேஜர்கள் கூடி உட்கார்ந்து எல்லா ரேட்டிங்குகளையும் ஒப்பிட்டுச் சரிக்கட்டுவார்கள். அதன் பிறகுதான் கடிதம் வரும். சம்பள உயர்வு, பதவி உயர்வு, வெளிநாட்டு வாய்ப்பு, ஆட்குறைப்பு வந்தால் யார் பெயர் முதலில் என்பது வரை அந்தக் கடிதத்தைத் தொட்டுத்தான் நகரும்.

ஒரு வருடம் அவளுக்கு வந்தது இது. ஆங்கிலத்தில் இருந்ததன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்: குழுவில் எல்லோரோடும் இணக்கமாக இருக்கிறார். பொறுப்பானவர். கூட்டங்களில் சில சமயம் தொனி கடுமையாக இருக்கிறது. இன்னும் முனைப்போடு இருக்கலாம்.

அந்த வருடம் அவள் செய்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். மாதக் கடைசி நாளில் மட்டும் சில வாடிக்கையாளர்களின் பணப் பரிமாற்றம் இரண்டு முறை பதிவாகிக்கொண்டிருந்தது. அந்தப் பிழையை மூன்று வாரம் விடாமல் துரத்திச் சரிசெய்தாள். புதிதாகச் சேர்ந்த இருவருக்கு வேலை பழக்கினாள். புதிய பதிப்பு வெளியான மூன்று இரவுகளிலும் விழித்திருந்தாள். கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதே குழுவிலிருந்த ஒருவர், நல்ல நண்பர், தன்னுடைய கடிதத்தை அவளிடம் காட்டியிருக்கிறார். அறிக்கை தயாராகும் நேரத்தை நான்கு மணியிலிருந்து நாற்பது நிமிடமாகக் குறைத்தார் என்று தொடங்குகிறது அது. அவர் அதைச் செய்தது உண்மை. எழுதப்பட வேண்டியதுதான். என் கேள்வி இரண்டு கடிதங்களுக்கும் நடுவிலுள்ள இலக்கண வேறுபாட்டைப் பற்றியது.

நன்னூல் வினைச்சொல்லுக்கு ஆறு பொருள்களைச் சொல்கிறது. செய்தவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள். இந்த ஆறையும் தெரியக் காட்டினால் அது தெரிநிலை வினை. குறிப்பு வினை என்று இன்னொன்று உண்டு. நல்லள், இனியள், கொடியள் என்பவை அந்த வகை. ஆறில் ஆளை மட்டும்தான் அது வெளிப்படையாகக் காட்டும். மற்றவற்றை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். நண்பரின் கடிதம் தெரிநிலை வினைகளால் ஆனது. என் தங்கையின் கடிதம் முழுக்கக் குறிப்பு வினை. இணக்கமானவள், பொறுப்பானவள், கடுமையானவள். ஆள் இருக்கிறாள். அவள் செய்த வேலையைக் காணோம்.

இது ஒரு மேனேஜரின் எழுத்துப் பழக்கம் மட்டும்தானா? கீரன் ஸ்னைடர் என்ற அமெரிக்க மொழியியலாளர், தொழில்நுட்ப நிறுவனங்களிலும் பணியாற்றியவர், 2014இல் இதைச் சோதித்துப் பார்த்தார். 28 நிறுவனங்களைச் சேர்ந்த 180 பேர் தாமாக முன்வந்து தந்த 248 மதிப்பீடுகளை வாசித்தார். ஆண்களுக்கு வந்தவற்றில் குறை சொன்னவை 83. அவற்றுள் குணத்தைக் குறைசொன்னவை 2. பெண்களுக்கு வந்தவற்றில் குறை சொன்னவை 94. அவற்றுள் 71 அவர்களுடைய குணத்தைக் குறைசொன்னவை. சுள்ளென்று பேசுகிறவர் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் 13 பெண்களைப் பற்றி வந்திருந்தது. ஓர் ஆணைப் பற்றியும் வரவில்லை. எழுதியவர்களில் பெண் மேனேஜர்களும் இருந்தார்கள் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ‘அடக்கமாகப் பேசு’ என்பதை நமக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர்களும் வீட்டுப் பெண்கள்தானே.

அப்படியானால் சொற்களே வேண்டாம், எண்களை வைத்து அளந்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எண்ணுக்கு ஆண் பெண் தெரியாது என்பது அவர்கள் வாதம். 1982இல் ஆப்பிள் நிறுவனத்தில் அதையும் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு வாரமும் எத்தனை வரி எழுதினீர்கள் என்று பொறியாளர்கள் படிவத்தில் நிரப்ப வேண்டும். பில் அட்கின்சன் அந்த வாரம் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, வேகத்தைப் பல மடங்கு கூட்டியிருந்தார். அதில் ஏறக்குறைய 2,000 வரிகள் குறைந்துவிட்டன. படிவத்தில் கழித்தல் குறி போட்டு 2,000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். கவிதை எழுதுகிறவளாக எனக்கு இது உடனே புரிந்தது. நீக்கிய வரிக்கும் உழைப்பு உண்டு. இன்று வரிக்குப் பதிலாக முடித்த டிக்கெட்டுகளை எண்ணுகிறார்கள். மூன்று வாரம் துரத்திய அந்தப் பிழை என் தங்கையின் கணக்கில் ஒரே ஒரு டிக்கெட்.

எண்ணிலும் சொல்லிலும் சிக்காத இன்னொரு வேலை இருக்கிறது. புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது, இரண்டு குழுக்கள் ஒரே வேலையை இரண்டு முறை செய்கின்றன என்று கவனித்துச் சொல்வது, கூட்டத்தில் பேசியதைக் குறித்து எல்லோருக்கும் அனுப்புவது, கோபித்துக்கொண்ட வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது. தான்யா ரைலி என்ற பொறியாளர் இதற்குப் பசை வேலை என்று பெயர் வைத்தார். ஒட்டவைக்கும் பசை. அது இல்லாவிட்டால் திட்டம் சிதறிவிடும். ஆனால் பதவி உயர்வு நேரத்தில் ‘தொழில்நுட்பப் பங்களிப்பு போதாது’ என்ற பதில் வரும். இந்த வேலை யார் தலையில் விழுகிறது என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்லூரியில் துறை விழா என்றால் கோலம், குத்துவிளக்கு, சால்வை, விருந்தினர் சாப்பாடு எல்லாம் பேராசிரியைகளின் பொறுப்பு. பதவி உயர்வுக்கான கோப்பில் அதற்கென்று ஒரு பத்தியை நான் இதுவரை கண்டதில்லை.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்த வருடம்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டப்படி 26 வாரச் சம்பள விடுப்பு அவளுக்குக் கிடைத்தது. அதில் குறையொன்றும் இல்லை. திரும்பி வந்தவளுக்கு ‘எதிர்பார்ப்பைப் பகுதியளவே நிறைவேற்றினார்’ என்று ரேட்டிங் வந்தது. ஏன் என்று கேட்டபோது மேனேஜர் நயமாகவே சொல்லியிருக்கிறார்: “நீங்க ஆறு மாசம் இல்லையேம்மா. யாரையாவது கீழ வச்சுத்தான் ஆகணும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” சட்டம் அவளுடைய சம்பளத்தைக் காப்பாற்றியது. ரேட்டிங் என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லை.

“யாரையாவது கீழே வைத்தாக வேண்டும்” என்பது அந்த மேனேஜரின் கண்டுபிடிப்பு அல்ல. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் ஊழியர்களை மேலே 20, நடுவே 70, கீழே 10 சதவீதம் என்று பிரித்தார். பெல் கர்வ் என்ற பெயரில் அந்த மாதிரி மென்பொருள் துறைக்கும் வந்தது. பத்துப் பேரும் நன்றாகச் செய்திருந்தாலும் ஒருவர் கீழே போயாக வேண்டும். அப்போது கை நீள்வது எதிர்த்துப் பேச முடியாதவரின் பெயரை நோக்கித்தான். விடுப்பில் இருந்தவள் அதற்கு வசதியானவள். மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்த முறையைக் கைவிட்டது. நான் பல்கலைக்கழகத் தேர்வுத் தாள் திருத்தப் போகிறவள். எங்கள் முகாமில் குறைகள் நிறைய உண்டு. ஆனால் தாளில் மாணவியின் பெயர் இருக்காது, மாற்று எண்தான் இருக்கும். இந்தக் கட்டில் இத்தனை பேர் தோற்க வேண்டும் என்று யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. மதிப்பெண்ணில் சந்தேகமிருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். பதினெட்டு வயது மாணவிக்கு இருக்கும் இந்த உரிமை, பதினான்கு வருட அனுபவமுள்ள பொறியாளருக்கு ஏன் இல்லை?

வேலையைப் பார்த்து மதிப்பிடுவது முடியாத காரியமல்ல. பிரிட்டனில் 1962இல் ஸ்டெஃபனி ஷெர்லி தொடங்கிய நிறுவனத்தில் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். பெரும்பாலும் குழந்தை பெற்றுக்கொண்டு வேலையை விட்டவர்கள், வீட்டிலிருந்து எழுதினார்கள். பெண் பெயரில் கடிதம் போனால் பதில் வருவதில்லை என்பதால் அவர் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டார். வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கில் கூலி பேசாமல், முடித்த வேலைக்கு இவ்வளவு என்று விலை பேசினார். வீட்டில் இருக்கிறார்களா, பகுதிநேரமா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம் அந்தப் பெண்களின் வீடுகளில் எழுதப்பட்டது.

அப்படியானால் அப்ரைசல் எப்படி இருக்க வேண்டும்? முதலில், அதன் ஒவ்வொரு வாக்கியமும் தெரிநிலை வினையாக இருக்க வேண்டும். எந்த வேலை, எப்போது, எதைக் கொண்டு, அதனால் எது மாறியது. குறை சொன்னாலும் அப்படித்தான். தொனி கடுமை என்றால் எந்தக் கூட்டத்தில், என்ன சொன்னபோது, அதனால் வேலையில் என்ன கெட்டது என்று எழுதட்டும். எழுத முடியாவிட்டால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். மார்ச் மாதம் வரும் குறை, மார்ச்சில்தான் முதல்முறையாகக் காதில் விழுகிறது என்ற நிலையும் கூடாது. நடந்த வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, எழுதுபவர் ஒருவராக இருக்கக் கூடாது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதத் தகுந்தவர்களாக நன்னூல் நால்வரைச் சொல்கிறது: ஆசிரியர், உடன் படித்தவர், மாணாக்கர், உரைகாரர். பொறியாளருக்கும் அந்த நால்வர் இருக்கிறார்கள். வழிநடத்தும் மூத்தவர், பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கோடைச் சரிபார்க்கிறவர், அவளிடம் கற்றுக்கொண்ட இளையவர், அவள் செய்ததை எடுத்துப் பயன்படுத்துகிற அடுத்த குழு. பிழையைத் துரத்திய மூன்று வாரத்தை மேனேஜர் பார்த்திருக்க மாட்டார். இவர்கள் பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது, பசை வேலையை வேலை என்று பெயர் சொல்லிப் பட்டியலில் எழுத வேண்டும். அல்லது கூட்டக் குறிப்பு எடுப்பதை எல்லோரும் முறைவைத்துச் செய்ய வேண்டும். விடுப்பு மாதங்களைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. ஆறு மாதம் வேலை செய்தவளை ஆறு மாத வேலையோடு மட்டும் ஒப்பிட வேண்டும். இத்தனை பேர் கீழே என்ற ஒதுக்கீடு ஒழிய வேண்டும். வந்த ரேட்டிங்கை இன்னொருவர் மறுபடி பார்க்கும்படி கேட்க வழி இருக்க வேண்டும்.

இதெல்லாம் நிறுவனங்கள் செய்ய வேண்டியவை. அதுவரை நம் கையில் இருப்பது சுயமதிப்பீட்டுப் படிவம். அதில்தான் என் தங்கை எப்போதும் தயங்குவாள். “என்னப் பத்தி நானே எப்படிக்கா பெருமையா எழுதறது?” நன்னூலும் தற்புகழ்ச்சி தகாது என்றே சொல்கிறது. உடனே நான்கு விலக்குகளையும் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை அறியாதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிர்த்தரப்பு தன்னைப் பழித்தபோது. அப்ரைசல் படிவத்தில் இந்த நான்கும் ஒன்றாக வந்து நிற்கின்றன என்று அவளிடம் சொன்னேன். பவணந்தி முனிவர் ஆண் புலவரை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். பெண் பொறியாளருக்கும் அது பொருந்தும் என்று நான் உரை சொல்கிறேன்.

இப்போது அவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம். அந்த வாரம் செய்தது, யாருக்குப் பயன்பட்டது, தேதி. இந்த வருடம் நோட்டைப் பார்த்துத் தன் மதிப்பீட்டை எழுதினாள். மேனேஜரின் வரிகளில் தொனி பற்றி மறுபடியும் ஒன்று வந்தது. எந்தக் கூட்டம் என்று மின்னஞ்சலில் கேட்டாள். இரண்டு நாள் கழித்து அந்த வரி மட்டும் நீக்கப்பட்டிருந்தது. ரேட்டிங் மாறவில்லை. குழந்தை பிறந்த வருடத்தின் ரேட்டிங்கும் அப்படியே கோப்பில் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.