சுட்ட சிரிப்பு

சென்ற திங்கள் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு கலைஞர் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் நிகழ்த்தினார். 1949இல் ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நடத்திக் காட்டிய அதே கதை. கதை சொல்பவரும் அவரே; கிந்தனும் அவரே; பிரம்பேந்திய ஆசிரியரும் அவரே! மேடையில் நின்றவர் ஒருவர். நாங்கள் கண்டதோ ஓர் ஊர்!

நந்தன் தில்லைக்கு ஏங்கினான். கிந்தனோ கல்விக்கு ஏங்கினான். தாழ்ந்த குலமென்று தள்ளப்பட்ட அச்சிறுவன், பட்டணம் சென்று படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பினான். அடித்து விரட்டிய ஆசிரியரின் திகைப்பைக் கலைஞர் நடித்துக் காட்டியபோது அரங்கம் அதிர்ந்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்தபடியே முன்வரிசையை நோக்கினேன். அங்கே என் மாணவன்! “உன் தலையில் படிப்பு ஏறாது, மாடு மேய்க்கப் போ” என்று முந்தின வாரம் நான் ஏசிய சிறுவன். அவனும் சிரித்தான், மேடையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து!

என் கையில் பிரம்பு இல்லை, பட்டம் இருக்கிறது. ஆயினும் என் நாவே பிரம்பாயிற்றே! பிறரை எள்ளி நகைத்த நான், என்னையே கண்டு நாணினேன்.

மறுநாள் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும், “தம்பி, நான் சொன்னது தவறு” என்றேன். எவரும் சிரிக்கவில்லை. அவன் மெல்ல எழுந்தான். “ஐயா, நேற்றைய கணக்கு விளங்கவில்லை” என்றான்.

அவன் என்னிடம் கேட்ட முதல் ஐயம் அது!