ஏட்டில் எழுதாத கல்வி

எழுதப் படிக்கத் தெரிந்தவரையே அறிவாளர் என்று கொள்வது உலக வழக்கம். பள்ளி வாசலை மிதியாதவர் நெஞ்சிலும் ஒரு நூல்நிலையம் இருக்கக்கூடும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாக் விரிகுடாக் கரையில் பணியாற்றும் நமக்கு அத்தகைய நூல்நிலையங்கள் சிலவற்றோடு பழகும் வாய்ப்பு கிட்டியிருக்கிறது. மாலை வேளைகளில் வலை பின்னியவாறே பேசும் மீனவப் பெரியவர்களே அவை. அவர்கள் சொல்லக் கேட்டவற்றுள் ஆவுளியாவைப் பற்றிய செய்திகளை இங்கே நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நூல்கள் கடற்பசு என்று கூறும் பிராணியையே நம் மீனவர் ஆவுளியா என்பர். அது மீனன்று, குட்டி ஈன்று பாலூட்டும் உயிர். ஏறக்குறைய 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் கொண்டு வளரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வரும். ஆழமற்ற கடலடியில் வளரும் கடற்புல்லே அதன் உணவு. 1971-இல் ராம்சர் நகரில் உருவான உலக உடன்படிக்கை, நீர் வற்றும் வேளையில் 6 மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள கடற்பகுதியையும் ஈரநிலம் என்றே கணக்கிடுகிறது. ஆகவே ஏரியும் சதுப்பும் போலவே இப்புல்வெளிகளும் காக்கப்பட வேண்டியவை.

ஆவுளியா 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆயினும் ஓராண்டுக்கு மேல் சூல் சுமந்து ஒரே குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். ஒரு தாய் மடிந்தால் அந்த இழப்பு ஈடாக நெடுங்காலம் செல்லும். இந்தியக் கடல்களில் ஏறத்தாழ 240 ஆவுளியாக்களே உள்ளன என்பது அரசு வெளியிட்ட மதிப்பீடு. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்நாட்டில் இவ்வகையில் இதுவே முதலாவது.

ஆனால் பரந்த கடலில் இச்சில உயிர்களை எவ்வாறு தேடுவது? இவ்வினாவை ஒரு பெரியவரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். “அதைத் தேடி ஏன் சாமி அலையணும்? அது மேஞ்ச தடத்தைப் பார்த்தாலே போதுமே” என்றார். புல்லை வேரோடு பறித்து மேய்வதால் கடலடியில் உழவுசால் போன்ற தடம் விழும். ஆய்வாளரும் அத்தடத்தையே சான்றாகக் கொள்கின்றனர். எத்தனை பாகம் ஆழத்தில், எந்தக் காற்று வீசும் காலத்தில், எந்தப் புல்வெளியில் ஆவுளியா குட்டியோடு திரியும் என்பதை ஆயுள் முழுதும் கடலில் கழித்தவரே அறிவார்.

மீனவர் நினைவின் வலிமையைச் சீன நாட்டில் நடந்த ஆய்வு காட்டுகிறது. அங்கே தென்பகுதி மாநிலங்கள் நான்கில், 66 மீனவ ஊர்களைச் சேர்ந்த 788 பேரை ஆய்வாளர்கள் வினவினர். கடந்த ஐந்தாண்டுகளில் ஆவுளியாவைக் கண்டதாகச் சொன்னவர் மூவரே. சீனக் கடலில் அவ்வினம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று என்னும் துயர முடிவு 2022-இல் வெளியாயிற்று. அம்மீனவரைச் சில பத்தாண்டுகளுக்கு முன்பே வினவியிருந்தால் விடையும் வேறாக இருந்திருக்கலாம் அன்றோ?

நம் கரையில் வினவுவோருக்கு உடனே விடை கிடைத்துவிடாது. முன்னாளில் ஆவுளியா இறைச்சி உண்ணப்பட்டது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பது குற்றம். திருக்கை வலையில் அது தானே வந்து சிக்கி, மூச்சு முட்டி மடிந்தாலும் வழக்கு வருமோ என்று மீனவன் அஞ்சுகிறான். குறிப்பேட்டோடு வருபவரைக் கண்டால் வாய் மூடிக்கொள்கிறான். உயிரோடு சிக்கியதை விடுவிக்க வலையை அறுக்க வேண்டும். வலை அறுந்தாலும் வலைக்கு வாங்கிய கடன் அறுவதில்லை. அச்சமும் கடனும் சேர்ந்து பூட்டிய வாயைச் சட்டம் மட்டும் திறந்துவிடுமா?

நம்பிக்கைதான் திறக்கும். இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016 முதல் நடத்திவரும் திட்டத்தில் மீனவர்கள் தொண்டர்களாகச் சேர்க்கப்பட்டனர். சிக்கிய ஆவுளியாவை விடுவித்தோர் பாராட்டும் பரிசும் பெற்றனர். மீனவப் பிள்ளைகள் கல்வி உதவித்தொகை பெற்றனர். ஓம்கார் நிறுவனத்தார் மூங்கிற் சட்டத்தில் தேங்காய் நார்க்கயிறு கட்டி, அழிந்த இடங்களில் கடற்புல் நட்டு வருகின்றனர். இவை நல்ல தொடக்கங்கள். வலையை அறுத்தவனுக்கு வலையின் விலை காலந்தாழ்த்தாமல் கிடைக்க வேண்டும் என்பதும், அவனிடம் கேட்டறிந்தவர்கள் மீண்டும் வந்து தாம் கண்ட முடிவை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் நம் கருத்து. மாணாக்கனாக வந்தவன் ஆசிரியனை மறந்து போகலாகாது.

இதில் குடும்பங்களுக்கும் பங்குண்டு. நம் இளைஞர் பலர் கடலை விட்டு வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் பாட்டனாரின் அறிவு அவரோடு மறைந்துபோக விடலாமா? பிள்ளைகளே, இவ்விடுமுறையில் உங்கள் பாட்டனார் அருகே ஒரு குறிப்பேட்டோடு அமருங்கள். ஆவுளியாவைக் கடைசியாக எப்போது, எங்கே, எத்தனை பாகத்தில் கண்டார், உடன் குட்டி இருந்ததா என்று கேட்டு எழுதுங்கள். எழுதிய தாளின் தலைப்பில், பெரியவர் இசைந்தால், சொன்னவர் பெயரையும் குறியுங்கள். ஏட்டில் எழுதாத கல்வி ஏடேறும் நாளில், அதைக் கற்பித்தவர் இன்னார் என்பது தெரிந்திருக்கட்டும்.