கண்மாய்க் கரையோரம் ஒரு நடை

அரசு அலுவலர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் அச்சுறுத்தல் ஒன்று உண்டு: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!" அந்தக் காடு எது என்று எவரும் விளக்கம் கேட்பதில்லை. இராமநாதபுரம் சீமைதான். இவ்வசைமொழியை முதலில் சொன்னவர் பேருந்திலோ புகைவண்டியிலோ இம்மாவட்டத்தைக் கடந்து சென்றவராகவே இருத்தல் வேண்டும். சன்னலோரம் அமர்ந்து இராமேசுவரம் செல்வோர் கண்ணுக்குப் பனையும், உப்பு மண்ணும், சீமைக்கருவேலமுமே தென்படும். கால்நடையாகச் செல்வோர்க்கோ வேறொரு நாடு புலப்படும்.

இங்கிலாந்து நாட்டில் வயல்வெளியினூடே நடந்து செல்வதை மக்கள் பெரிதும் போற்றுகின்றனர். பிறருக்குரிய விளைநிலத்தின் குறுக்கே ஒற்றையடிப்பாதை ஓடும். வேலியைக் கடக்க மரப்படி இருக்கும். தொலைவில் அடுத்த சிற்றூரின் ஆலயக் கோபுரம் வழிகாட்டும். அந்நாட்டிலும் வேல்சிலும் சேர்த்து இத்தகைய பொதுப்பாதைகள் இரண்டு இலட்சம் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளன. இவ்வுரிமை எளிதில் கிட்டியதன்று. 1932-ஆம் ஆண்டு, கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்த தொழிலாளர்களுள் ஐவர் சிறை சென்றனர். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1949-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படியே பாதைகள் யாவும் வரைபடத்தில் குறிக்கப்பெறலாயின. நம் ஊர்களின் பழைய நிலை வேறு. பாதைக்குப் பஞ்சமில்லாத காலம் அது. வயலுக்கு வரப்பும் ஊருக்குக் கண்மாய்க் கரையும் இருந்தன.

நடக்க விரும்பும் குடும்பத்தார் இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயிலிருந்து தொடங்கலாம். பாண்டியன் ஒருவன் பெயரைத் தாங்கிய ஊர் அது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று மக்கள் அக்கண்மாயைக் குறிப்பர்; ஒரு கோடியிலிருந்து புறப்படும் நாரை இடையிலே இறங்கி இளைப்பாறாமல் மறு கோடியைச் சேர இயலாது என்பது அவர்கள் தரும் விளக்கம். நாரையை எவரும் சோதித்திருக்கமாட்டார். ஆயினும் கரைமீது நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அச்சொல்லை நம்பத் தோன்றும். ஒருபுறம் நீர்ப்பரப்பு, மறுபுறம் தாழ்வாக விரிந்த நெல்வயல், நடுவே நாம்.

இக்கரைகளின் அமைப்பை நின்று பார்க்க வேண்டும். பெரும் ஆறுகளோ மலைகளோ இல்லாத நாடு இது. ஆண்டிற்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில வாரத்து நீரை ஆண்டு முழுமைக்கும் தேக்கியாக வேண்டும். ஆகவே, கிழக்கு நோக்கிச் சரியும் நிலத்தில் முன்னோர் படிப்படியாகக் கண்மாய்களைக் கட்டினர். மேலூர்க் கண்மாய் நிறைந்தால் மிகுநீர் கலுங்கு வழியே வழிந்து கீழூர்க் கண்மாயை அடையும். அதுவும் நிறைந்தால் அடுத்தது. கடைசியில் எஞ்சியதே கடலுக்கு. வைகையும் இவ்வாறே இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்த பின்னரே கடலை நாடுகிறது. எந்த மடையை எந்நாளில் திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை நீர் விடுவது என்பதைப் பார்க்க நீர்பாய்ச்சி என்றொருவர் ஊர்தோறும் இருந்தார். அவருக்குக் கூலி களத்திலே நெல்லாக அளக்கப்படும். கரையைப் பழுது பார்ப்பது குடிமராமத்து. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் வர வேண்டும்.

புரட்டாசியில் இவ்வழி சென்றால் வியப்பான காட்சி ஒன்றைக் காணலாம். காய்ந்த புழுதியிலே நெல் விதைத்திருப்பர். நாற்றங்கால் இல்லை, நடவு இல்லை. மழை வரும் என்ற நம்பிக்கை ஒன்றையே முதலாக வைத்துச் செய்யும் வேளாண்மை அது. தையில் அறுவடை. அதன்பின் மாசி, பங்குனியில் நடப்போர்க்குக் களமெங்கும் சிவப்பு விரிந்திருக்கும்: உருண்டையான முண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இம்மிளகாயின் காரத்தை அறிய உண்ண வேண்டியதில்லை. காற்று வீசும் பக்கம் நின்றாலே தும்மல் வரும்.

பறவை காண விரும்புவோர் மார்கழி, தை மாதங்களில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பக்கம் செல்லலாம். அவ்விரண்டும் 2022-இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இலும் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன. இவையாவும் பாசனத்திற்காக மனிதர் வெட்டிய கண்மாய்களே. நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டி, கீழே வயலுக்கு எருவும் இடுகின்றன.

இனி, மனத்திற்கு உவப்பில்லாத செய்தி. பல ஊர்களில் கரைமீது இன்று நடக்க இயலாது. விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்று கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் கண்மாயின் உள்வாயையும் கரையையும் வாய்க்காலையும் ஒருசேர மூடிவிட்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டாதலால், அம்மரத்தை வெறுமனே சபிக்கவும் மனம் வரவில்லை. ஆயினும் பாதை போயிற்று. கிராம வரைபடத்தை விரித்தால் வண்டிப்பாதை, வாய்க்கால், கண்மாய் யாவும் புறம்போக்கு எனத் தெளிவாகவே இருக்கும். தாளிலே உள்ள பாதை தரையிலே இல்லை! ஆங்கிலேயர் தரையிலிருந்த பாதையைத் தாளில் ஏற்றப் போராடினர். நம் கதை நேர்மாறாக உள்ளது. உள்ளாட்சியில் பொறுப்பேற்றுள்ள நம் வாசகர்கள் தத்தம் ஊர் வரைபடத்தை ஒருமுறை கையிலேந்திக் கரையைச் சுற்றி வருவார்களாக.

கரை நெடுக எதிர்ப்படுவோர் பெண்களே. "எங்கிட்டுப் போறீக? வெயிலுக்கு முன்னே போயிருங்க" என்று மூதாட்டியர் தாமாகவே கூறுவர். நடை அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. காவிரி நீரைக் குழாய்வழிக் கொணர்ந்த பின்னும், குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியுடன் ஊரணிக்கு நடக்கும் பெண்களைக் கோடையில் காண்கிறோம். ஊரணியில் கால் நனைக்கக்கூடாது, மாடு இறங்கக்கூடாது என்பது எழுதா விதி. வெளியூரார் மறவாதிருப்பது நன்று.

கடற்கரைப் பக்கம் இன்னொரு பழைய நடைவழி இருந்தது. 1914-இல் பாம்பனில் இரயில் பாலம் அமையும் வரை, சேது யாத்திரிகர் மண்டபம் வரை வந்து தோணியேறினர். அவர்கள் தங்கிச் செல்ல மன்னர்கள் எழுப்பிய சத்திரங்கள் இன்று ஊர்ப்பெயராக எஞ்சியுள்ளன. தனுஷ்கோடிக்கு முன்னுள்ள முகுந்தராயர் சத்திரம் அவற்றுள் ஒன்று. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியைக் காண அங்கிருந்து மணலில் நடந்தாக வேண்டும், அன்றி மீனவர் வண்டியில் குலுங்கியாக வேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இப்போது கார்கள் விரைந்து சென்று விரைந்து திரும்புகின்றன. இடிந்த ஆலயச் சுவரருகே, மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் நன்னீர் அள்ளும் மீனவப் பெண்களை அக்கார்களில் செல்வோர் கண்டிருப்பார்களோ என்பது ஐயமே. இரு பக்கமும் உப்புக்கடல். நடுவே ஒரு முழ ஆழத்தில் குடிநீர்!

வடக்கே ஓரியூருக்குச் செல்லும் வழி நமக்கு மேலும் நெருக்கமானது. லிஸ்பன் மாநகரில் 1647-இல் பிறந்த புனித அருளானந்தர் காவியுடுத்து, புலால் நீக்கி, இம்மறவர் சீமையெங்கும் கால்நடையாகவே திரிந்தார். 1686-இல் சிறைப்பட்டு, ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டும், அரண்மனை வாழ்வை மறுத்து 1690-இல் மீண்டும் இம்மண்ணுக்கே வந்தார். இறுதியில் இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு நடத்திச் செல்லப்பட்டு, 1693 பெப்ரவரி 4, திருநீற்றுப் புதனன்று பாம்பாற்றங்கரையில் தலை வெட்டுண்டார். நாள்காட்டியைப் பார்த்தால் அது தை அறுவடைக் காலம். கடைசியாக அவர் கடந்த வயல்களில் நெல் அறுத்துக்கொண்டிருந்திருப்பர்.

இன்றும் அதே பருவத்தில் திருவிழாவுக்கு மக்கள் நடந்து வருகின்றனர். குறுக்குவழியாக அறுத்த தாளின்மீது நடப்போர் செருப்பைக் கழற்றுவதில்லை, தாள் குத்தும். திருத்தலத்தை அணுகியபின் கழற்றிவிடுவர். அங்குள்ள செம்மண்ணில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு, பாட்டிமார் பேருந்து நிறுத்தத்திற்கு மெல்ல நடக்கத் தொடங்குவர்.